கடவுளோடு ஒப்புரவாவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில், திடப்படுத்தல் வகுப்புக்கு, அதாவது விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யத் தயாராகும் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். ஆயர் இல்லை, சபையில் ஒரு சாதாரண அங்கத்தினர்தான். அம்மா கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் என்பதால் இரண்டு பக்கத்துப் பழக்கமும் வீட்டிலேயே கிடைத்தது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டவை, அவர்களை அழைத்துப்போக வந்த பெற்றோர் வாசலில் நின்றபடி கேட்டவை, கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் டீக்கடையில் கேட்டவை என்று இந்தக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

ஒப்புரவு என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

முறிந்துபோன உறவு மறுபடி சேர்வது. நம் ஊரில் "அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல" என்போம். அப்புறம் ஒருநாள் "ராசியாயிட்டாங்களாம்" என்போம். பிள்ளைகள் காய் விட்டுப் பழம் விடுவதும் இதுதான். மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று, இயேசு கிறிஸ்துவால் அது சரியாயிற்று என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறோம்.

ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுல், புதிய ஏற்பாட்டில் இதற்கு எழுதும் கிரேக்கச் சொல்லுக்கு வேர்ப்பொருள் 'மாற்றுதல்'. பகை நட்பாக மாறுவது. பிரிந்த மனைவி கணவனோடு மறுபடி சேர்வதைச் சொல்லும்போதும் அவர் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். அதாவது இது கோயிலுக்கென்று ஒதுக்கிவைத்த சொல் இல்லை, வீட்டுக்குள் புழங்குகிற சொல்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோர்ட்டில் ராஜி ஆவது வேறு. ராஜி என்றால் இவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், அவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பஸ்ஸில் வீடு போய்ச் சேர்வார்கள். அதன்பின் முகத்தில் முழிக்கவே மாட்டார்கள். வழக்கு தீர்ந்திருக்கும், உறவு வந்திருக்காது.

'ஒப்புரவு' திருக்குறளில் வரும் சொல் ஆயிற்றே?

ஆமாம். 22ஆம் அதிகாரம், ஒப்புரவறிதல். அங்கே பொருள் வேறு: ஊரோடு ஒட்டி, ஊருக்கு உதவியாக வாழ்வது. அறிவுடையவன் செல்வம் ஊருணியில் தண்ணீர் நிறைந்தது போல என்கிறார் வள்ளுவர். விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் இந்தச் சொல்லை உறவு சேர்வதற்கு எடுத்தாண்டார்கள். எனக்கு இந்தத் தேர்வு பிடிக்கும். இரண்டு பேர் பகை தீர்ந்தால் அந்தத் தண்ணீர் அவர்களோடு நிற்காது என்பது அதில் தானாகவே வந்துவிடுகிறது.

நான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. கடவுளோடு எனக்கு என்ன சண்டை?

நியாயமான கேள்விதான். சண்டை என்றதும் கூச்சல் போட்டுச் சண்டை பிடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் குடும்பங்களில் பாருங்கள், பெரும்பாலான பிரிவு சத்தமே இல்லாமல் நடக்கும். மகன் சென்னையில் இருப்பான். முதலில் தினமும் போன் பண்ணுவான், அப்புறம் வாரம் ஒருமுறை, அப்புறம் பொங்கலுக்கு. யாரும் யாரையும் திட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு மகன் இல்லாமல் போயிருப்பான்.

விவிலியத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஆதாமும் ஏவாளும் கடவுளை எதிர்த்து நிற்கவில்லை, மரங்களுக்கு இடையில் ஒளிந்துகொண்டார்கள். கடவுள் முதலில் கேட்டது "எங்கே இருக்கிறாய்?" என்பதுதான். பாவம் என்று விவிலியம் சொல்வது தப்புகளின் பட்டியலை மட்டும் அல்ல. நம்மைப் படைத்தவர் வேண்டாம், நாமே பார்த்துக்கொள்கிறோம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் அதன் ஆரம்பம். தப்புகள் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வரும்.

கடவுள் கோபத்தில் இருந்தார், இயேசு வந்து அவரைச் சமாதானப்படுத்தினார். அப்படித்தானே?

அநேகம் பேர் மனதில் இந்தப் படம்தான் இருக்கிறது: கோபக்கார அப்பா, நடுவில் விழுந்து தடுக்கும் நல்ல அண்ணன். இந்த ஒன்றை மாற்றிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ரோமர் 5, 2 கொரிந்தியர் 5, எபேசியர் 2, கொலோசெயர் 1 ஆகியவற்றில் ஒப்புரவு பற்றிப் பவுலின் நிருபங்கள் பேசும் இடங்களை வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள். கடவுளை யாரோ சமாதானப்படுத்தினார்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. கடவுள்தான் நம்மைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று இருக்கிறது. அதுவும் நாம் பகைவர்களாக இருந்தபோதே. தப்பு செய்தவன் காலில் விழுந்தால்தான் பஞ்சாயத்து முடியும் என்பது நம் ஊர் வழக்கம். இங்கே தப்புக்கு ஆளானவர் எழுந்து நடந்து வருகிறார்.

இதை நான் புத்தகத்தில் புரிந்துகொள்ளவில்லை, எங்கள் தாத்தா வீட்டுக் கதையில் புரிந்துகொண்டேன். மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாய் பாசனம். தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் அடுத்தடுத்த வயல். ஒரு கோடையில், தாத்தாவின் முறைத் தண்ணீரை ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திருப்பித் தன் வயலுக்கு விட்டுக்கொண்டார் சின்னத் தாத்தா. தாத்தாவின் பயிர் கருகிவிட்டது. பாட்டியின் சங்கிலி அடகுக்குப் போய் முழுகிப்போனது. அதற்குப் பிறகு பதினோரு வருடம் பேச்சு கிடையாது. நல்லதுக்கும் போவதில்லை, கெட்டதுக்கும் போவதில்லை. "அந்த வீட்டுல பச்சைத் தண்ணி பல்லுல படாது" என்று தாத்தா சொன்னதை அப்பா கேட்டிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவையும் கையில் பிடித்துக்கொண்டு நேராகத் தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். "ஏப்பா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. சின்னத் தாத்தா வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். உள்ளே சொம்பைப் புளி போட்டுத் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டதாம். பிறகு அவரே கொண்டுவந்து கொடுத்தார். கை நடுங்கிப் பாதித் தண்ணீர் தாத்தாவின் வேட்டியில் கொட்டியது. மீதியைத் தாத்தா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் புளி போட்டுத் தேய்க்கிற சத்தத்தில் வந்து நிறுத்துவார்.

மடையைத் திருப்பியவர் வரவில்லை. பயிரை இழந்தவர் போனார், அதுவும் கேட்டு வாங்கிக் குடிக்கிறவராகப் போனார். யோவான் 4ஆம் அதிகாரத்தில், யூதர்களோடு ஒட்டுறவே இல்லாத சமாரியப் பெண்ணிடம் இயேசு கிணற்றடியில் உட்கார்ந்து முதலில் கேட்பதும் தண்ணீர்தான்.

அப்படியென்றால் சிலுவை எதற்கு? "மன்னித்தேன்" என்று சொன்னால் போதாதா?

மறுபடியும் அந்தத் திண்ணைக்கே வருகிறேன். அந்தப் பயிர் நஷ்டம் என்ன ஆனது? சின்னத் தாத்தா ஈடு கட்டவில்லை. தாத்தாவும் கேட்கவில்லை. நஷ்டம் காற்றில் மறைந்துவிடாது, யாராவது ஒருவர் தலையில் விழுந்தே ஆகவேண்டும். தாத்தா தன் தலையில் வாங்கிக்கொண்டார். பாட்டியின் கழுத்து கடைசிவரை வெறும் மஞ்சள் கயிறோடு இருந்தது. மன்னிப்பு இலவசம் என்கிறோம். வாங்குகிறவருக்கு இலவசம், கொடுக்கிறவருக்கு இல்லை.

சிலுவையில் நடந்தது அது என்று நம்புகிறோம். பாவத்தின் பாரத்தைக் கடவுள் வேறு யார் மேலும் தூக்கிப் போடவில்லை. கிறிஸ்துவுக்குள் தாமே இருந்து சுமந்தார். 'கடவுள் மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்து அடித்தார்' என்று சிலுவையை விளக்கினால் அது கடவுளையும் கொச்சைப்படுத்துகிறது, அடி வாங்குகிற மனிதர்களிடம் 'பொறுத்துக்கொள்' என்று சொல்லவும் வசதியாகிவிடுகிறது.

இதை எப்படி விளக்குவது என்பதில் திருச்சபைக்குள் ஒரே கருத்து இல்லை. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் அன்சேல்ம் என்ற பேராயர், கடவுளுக்குச் சேரவேண்டிய மரியாதைக் கடனை மனிதனால் அடைக்க முடியாததால் கடவுளே மனிதனாகி அடைத்தார் என்று விளக்கினார். பாவம், மரணம், சாத்தான் ஆகியவற்றின் பிடியை உடைத்த வெற்றியாகவே ஆதித் திருச்சபையில் பலர் பார்த்தார்கள். சிலுவையில் தெரியும் அன்பு நம் மனதை உருக்கித் திருப்புகிறது என்றார்கள் இன்னும் சிலர். இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விசுவாசிகள் இல்லை என்று சொல்வது சரியில்லை.

நான் என்ன செய்யவேண்டும்? நேர்த்திக்கடன், உபவாசம், காணிக்கை ஏதாவது?

லூக்கா 15ஆம் அதிகாரத்துக் கதையைத் தெரியாதவர் குறைவு. இளைய மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போகிறான், எல்லாவற்றையும் அழிக்கிறான், பன்றி மேய்க்கிறான், பசி தாங்காமல் வீடு திரும்புகிறான். வருகிற வழியிலேயே பேச்சைத் தயார் செய்கிறான். அதில் மூன்று பகுதி: பாவம் செய்தேன், உம் மகன் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, என்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்.

அவன் தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிடுகிறார், ஓடுகிறார். வயதான, ஊரில் மரியாதையுள்ள மனிதர் உடையை வாரிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். மகன் பேச்சை ஆரம்பிக்கிறான். முதல் பகுதி, இரண்டாம் பகுதி. மூன்றாவதைச் சொல்ல விடவே இல்லை. உடுப்பு, மோதிரம், செருப்பு, விருந்து என்று அப்பா உத்தரவு போட ஆரம்பித்துவிடுகிறார். கூலிக்காரன் என்ற பேச்சே அந்த வீட்டில் எடுபடவில்லை.

நாம் பெரும்பாலும் அந்த மூன்றாவது பகுதியைத்தான் கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். இத்தனை நாள் உபவாசம் இருக்கிறேன், இவ்வளவு காணிக்கை போடுகிறேன், பதிலுக்கு என்னைச் சேர்த்துக்கொள்ளும் என்று. நேர்த்திக்கடனைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. என் அம்மாவழிப் பாட்டி வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தவர். ஆனால் அவர் நடந்தது நன்றிக்கு, விலை கொடுக்க இல்லை. செய்யவேண்டியது மனந்திரும்பி நடப்பது. நீங்கள் பாதி தூரம் வருமுன் அவர் வந்து நிற்பார்.

அந்தக் கதையில் மூத்த மகனை மறந்துவிடாதீர்கள். கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிற அவனிடமும் அப்பாதான் இறங்கி வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா என்று கதை சொல்லவில்லை. தப்பே செய்யாமல் சபையில் வளர்ந்த பிள்ளைகளிடம் நான் எப்போதும் இவனைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

பாதிரியாரிடம் போய்ச் சொன்னால்தான் பாவம் மன்னிக்கப்படுமா?

கத்தோலிக்கத் திருச்சபையில் இது ஒப்புரவு அருட்சாதனம். பெரியவர்கள் இன்னும் பாவசங்கீர்த்தனம் என்றுதான் சொல்வார்கள். அம்மா சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்த ஐந்து காரியங்களை இன்னும் ஒப்பிப்பார்: தன்னைச் சோதித்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் அறிக்கையிடுவது, அவர் சொல்லும் பரிகாரத்தைச் செய்வது. வருடத்துக்கு ஒருமுறையாவது செய்யவேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்கள் மாநாடு விதித்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் வரிசை நீளமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மன்னிப்பது கடவுள்தான், குரு அவர் பெயரால் அதை வழங்குகிறார். கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது.

எங்கள் சி.எஸ்.ஐ. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம், ஆயர் மன்னிப்பின் வார்த்தையைக் கூறுவார். தனியாக ஆயரிடம் போய்ப் பேசவும் தடை இல்லை. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், நம் பக்கத்தில் இதை இன்னும் அதிகம் செய்யலாம். சில விஷயங்களை இன்னொரு மனிதர் காது கேட்கச் சொன்னால்தான் அது சொன்னதாகவே நமக்குத் தோன்றுகிறது.

பழக்கம் வேறுவேறானாலும், விசுவாசத்தினால் கடவுள் நம்மை நீதிமான்களாக்குவதைப் பற்றிய அடிப்படையில் ஒத்துப்போவதாகக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபைகளும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த ஏறக்குறைய ஐந்நூறு வருடச் சண்டையின் மையமே அதுதான்.

வீட்டில் பங்காளிச் சண்டை இருக்கிறது. நான் திருவிருந்து எடுக்கலாமா?

தாத்தா ஏன் சனிக்கிழமை போனார் என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. மறுநாள் திருவிருந்து ஞாயிறு, இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் வாங்கும் நாள். மத்தேயு 5இல் இயேசு சொல்கிறார்: காணிக்கையைப் பீடத்தருகே கொண்டுவந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வா. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. அவனுக்கு உன்மேல்.

சி.எஸ்.ஐ. திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் நேரம் ஒன்று உண்டு. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒரே திருச்சபையானபின், புதிதாக எழுதிய ஆராதனை முறையில் இதற்கு இடம் வைத்தார்கள். பக்கத்தில் இருப்பவர் குவித்த கைகளை நம் இரண்டு கைகளுக்குள் வாங்கி, அப்படியே அடுத்தவருக்குக் கொடுப்பது. எங்கள் சபையில் பூ கட்டி விற்கிற அம்மா ஒருவர் உண்டு. அவர் கை எப்போதும் ஈரமாக, விரல் நுனியில் நார் அறுத்த கோடுகளோடு இருக்கும். அந்தக் கையை வாங்கிக்கொண்டு, இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கும் ஆளை முறைத்துக்கொண்டிருக்க முடியாது.

முயற்சி செய்தும் எதிராளி கதவைத் திறக்கவில்லையா? உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள், வாருங்கள்.

என்னை அடித்த கணவனோடு ஒப்புரவாகித் திரும்பிப் போ என்கிறார்கள். இதுதான் கிறிஸ்தவமா?

இல்லை. இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. மன்னிப்பது ஒருவர் தனியாகச் செய்யக்கூடியது. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும், உண்மையும் வேண்டும். அடித்தவர் அடித்தேன் என்று ஒத்துக்கொள்ளாமல், மாறாமல், "எல்லாம் மறந்து சேர்ந்துபோங்க" என்பது ஊர் வாயை அடைக்கிற வேலை. முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுப்பது மன்னிக்காத குணம் ஆகாது. என் தாத்தா இழந்தது ஒரு போகம், அவர் தானாக எடுத்த முடிவு அது. அந்தக் கதையைக் காட்டி யாரையும் அடி வாங்கச் சொல்லாதீர்கள்.

சபைக்குள்ளேயே சாதி இருக்கிறதே?

இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. எபேசியர் 2இல் யூதருக்கும் மற்றவருக்கும் நடுவிலிருந்த பிரிவினைச் சுவரைக் கிறிஸ்து இடித்தார் என்று இருக்கிறது. அதாவது கடவுளோடு சேர்வதும் ஒருவரோடு ஒருவர் சேர்வதும் ஒரே காரியம். நம் மண்ணில் அந்தச் சுவரை மறுபடி கட்டியிருக்கிறோம். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, காவி கட்டி, தமிழ் கற்று, தமிழிலேயே எழுதிய பெரிய மனிதர். ஆனால் அந்த மதுரை மிஷனில் மேல்சாதியாருக்கு ஒருவகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பிரிவு வந்தது. 1834இல் இங்கே தொடங்கிய புராட்டஸ்டண்ட் அமெரிக்கன் மிஷன், 1840களில் சாதியை விடாதவர்களுக்குத் திருவிருந்து இல்லை என்று கண்டிப்பாக நின்றது. ஆட்கள் விலகினார்கள். இத்தனைக்குப் பிறகும் கல்யாணப் பேச்சு வரும்போது என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இதைச் சரிசெய்யாமல் ஒப்புரவைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டபின் அதே பாவத்தை மறுபடி செய்தால்?

மறுபடி திரும்பி வாருங்கள். சகோதரனை எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரமா என்று சீடர் பேதுரு கேட்டார், இயேசு ஏழெழுபது தரம் என்றார். நமக்கே அப்படிச் சொன்னவர் தாம் கணக்கு வைப்பாரா?

அப்பாவோடு பேசாமலே இருந்துவிட்டேன். அவர் இறந்துவிட்டார். இனி என்ன செய்வது?

ஒரு வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின், ஒரு பையனைக் கூப்பிட வந்த அவன் அப்பா கேட்டது இது. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது சொல்வதென்றால்: கொலோசெயர் 1இல் பூலோகத்திலும் பரலோகத்திலும் உள்ள எல்லாவற்றையும் கிறிஸ்து ஒப்புரவாக்குவதாக எழுதியிருக்கிறது. அதில் கல்லறையை மட்டும் விலக்கிவைக்கவில்லை. நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் தினத்தில் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் இங்கே உண்டு. போங்கள். அப்பாவிடம் சொல்லவேண்டியதை அங்கே உட்கார்ந்து கடவுளிடம் சொல்லுங்கள், வாய்விட்டே சொல்லுங்கள். அப்புறம் அப்பாவுக்கு உங்களைத் தவிர யார் யார் இருந்தார்களோ, அத்தை, சித்தப்பா, யாராவது உயிரோடு இருந்தால் அவர்கள் வீட்டுக்கும் ஒருநடை போய்விட்டு வாருங்கள்.

நான் கிறிஸ்தவன் இல்லை. சும்மா வந்து உட்கார்ந்து பார்க்கலாமா?

தாராளமாக வரலாம். கீழவெளி வீதிப் பேராலயமோ உங்கள் தெருவில் இருக்கும் சின்னச் சபையோ, பின் பெஞ்சில் உட்காருங்கள். யாரும் பெயர் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அப்பமும் ரசமும் கொடுக்கும்போது ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும் எழுந்து போவார்கள், நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அதற்கு முன்னால், எங்கள் மாதிரிச் சபை என்றால், பக்கத்தில் இருப்பவர் இரண்டு கையையும் குவித்து உங்கள் பக்கம் நீட்டுவார். அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.